பட்டான் கல்: இத்தாலியில் இறந்த ஒரு சாப்பருக்கு எண்பது ஆண்டு கழித்துக் கல் நட்ட நிகழ்வு

செங்கத்தைத் தாண்டி, ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் 2023 ஜூலையில் தொடங்கி 2025 தொடக்கம் வரை நடந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள ஒரு பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இதில் பங்குகொண்டேன். சில முடிவுகளும் சில தவறுகளும் என்னுடையவை. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆனால் இறந்தவர் பெயர், ஊர்ப்பெயர், படை எண் எதையும் சொல்லவில்லை. இதேபோல் ஒரு தகரப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படலாம்.

பின்னணி

பழைய வட ஆற்காடு மாவட்டம் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மாவட்டம். வேலூர் பக்கத்தில் மிலிட்டரிப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர்கூட இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு, ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் செதுக்கிய சிறு பலகைகளைப் பல ஊர்களில் அரசாங்கம் பதித்தது. அவற்றில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. இரண்டாம் போருக்கு அந்தப் பலகைகூட இந்த ஊருக்கு வரவில்லை.

2023 ஜூலையில் என்னிடம் வந்தவர் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அவருடைய ஆயாவுக்கு அப்போது தொண்ணூறு வயது இருக்கும். ஆயாவின் அண்ணன் சின்ன வயதில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை. ‘ரங்கூன்ல செத்துப் போனாரு சார். பர்மா சண்டை. அடுத்த வருஷம் எண்பது வருஷம் ஆகுது. கூட்ரோட்டுல ஒரு சிலை வைக்கணும். யூனிபார்ம், துப்பாக்கி, மீசை எல்லாம் வெச்சு.’ சிலையின் பீடத்துக்கு நாலு வரி எழுதித் தர வேண்டும் என்பதே அவர் என்னிடம் கேட்டது.

புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ரங்கூன் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ‘எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க’ என்றார். அதோடு செல்போனில் ஒரு படமும் காட்டினார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில், மியான்மரின் தாவுக்கியான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில், அதே பெயரில் ஒருவர் இருந்தார். தகப்பன் பெயர்தான் வேறு. ‘வெள்ளக்காரன் தப்பா எழுதியிருப்பான் சார்.’

அந்த நினைவுச்சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. நம் பக்கத்துப் பெயர்களோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். முருகன், பெருமாள், சின்னசாமி என்று தேடினால் யாருக்கும் யாராவது கிடைப்பார்கள். பீடத்துக்கு வரி எழுதும் வேலையை அன்றே நிறுத்திவைத்தேன்.

முதலில் கண்டது

ஆயாவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன் அடியில், மஞ்சள் துணி முடிச்சுக்குள், ஆறு முனை கொண்ட ஒரு நட்சத்திரம். முக்கால் வாசி கறுத்திருந்தது. ஒரு முனையில் மட்டும் சின்னக் கீறல், அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் அடகுக் கடையில் உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டுத் ‘தங்கம் இல்ல’ என்று திருப்பிக் கொடுத்ததன் தழும்பு அது.

பேரன் அதைப் புளி போட்டுத் தேய்க்க எழுந்தார். வேண்டாமென்று தடுத்தேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பருத்தித் துணியால் பிசுக்கை மட்டும் ஒற்றி எடுத்தோம். முன்பக்கத்தில் கிரீடம், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்துப் பின்னல், அதைச் சுற்றி ஆங்கிலத்தில் ‘தி இத்தாலி ஸ்டார்’. இத்தாலிப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு வழங்கிய பதக்கம் அது.

இத்தனை வருடமாக வீட்டிலேயே இருந்திருக்கிறது. ரங்கூன் இல்லை என்று அந்த நட்சத்திரமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பின்பக்கம்தான் முக்கியம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் போர் நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் படை எண், பதவி, பெயர் மூன்றையும் பொறித்தார்கள். ஒவ்வொரு சலுகையிலும் பின்னால் நின்ற இந்தியச் சிப்பாய்க்கு இதில் மட்டும் ஒரு படி கூடக் கிடைத்திருக்கிறது. துணியை நகத்தில் சுற்றிப் பின்பக்கத்தை மெல்லத் துடைத்ததும் எண் முழுதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் சாப்பர் (பாதை, பாலம் போடும், கண்ணிவெடி எடுக்கும் பொறியியல் படைச் சிப்பாய்) என்பதன் சுருக்கம், அதற்குப் பின்னால் பெயர்.

ஏட்டில் இருந்தது

பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கொண்டு தேடினோம். கல்லறை ஆணையத்தின் பதிவில் ஒரே ஒருவர் வந்தார். மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையின் ஒரு பீல்டு கம்பெனி. இறந்த நாள் 1944 மே மாதத்தில். வயது 21. பெயர் இருக்கும் இடம், இத்தாலியின் ஏட்ரியாடிக் கடலோரம் டொரினோ டி சாங்ரோ என்ற ஊருக்கு அருகே, சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைத் தோட்டத்திலுள்ள தகன நினைவுச்சின்னம். தகனம் செய்யப்பட்ட இந்தியப் படையினர் ஐநூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. கூடுதல் விவரம் என்ற இடத்தில் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு, இந்தியா’ என்று ஒரு வரி.

தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் சிதைந்திருந்தாலும் அடையாளம் தெரிந்தன. ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து, ன, ண இரண்டுக்கும் ஒரே எழுத்து. சேர்க்கை முகாமில் காதால் கேட்டு ஒரு எழுத்தர் எழுதியதை இன்னொருவர் தட்டச்சு செய்து, அதை வேறொருவர் அச்சுக் கோத்திருப்பார். ஊர்ப்பெயரில் நடுவிலிருந்த ஓர் அசையே காணாமல் போயிருந்தது. இங்கே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எழுத்து மாறியிருக்கலாம், ஆனால் எண், தகப்பன், ஊர், மாவட்டம் நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். ரங்கூன்காரருக்கு மாவட்டம் மட்டுமே பொருந்தியது. இவருக்கு நான்கும் பொருந்தின.

அந்த ஒரு வரியின் மதிப்பு முதல் போரோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 1917-இல் அமைக்கப்பட்ட ஆணையத்தின் கொள்கை, இறந்த ஒவ்வொருவருக்கும் பதவி, இனம், மதம் பாராமல் பெயர் பொறிப்பது. ஆனால் 1929-இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் இருந்தது. சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்குக் கீழே ‘மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று எண்ணிக்கையாகவே நின்றார்கள். இப்படிச் சமமின்றி நினைவுகூரப்பட்டவர்கள் 45,000 முதல் 54,000 பேர்வரை என்றும், பெயரோ நினைவோ இல்லாமலே போனவர்கள் குறைந்தது 1,16,000 பேர், அது 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றும் 2021-இல் ஆணையமே அமைத்த சிறப்புக் குழு அறிக்கை வெளியிட்டது. நம் சாப்பர் இரண்டாம் போரில் இறந்ததால் அவருக்குப் பெயரும் தகப்பனும் ஊரும் கிடைத்தன.

ஆயா சொன்னது

இங்கேதான் என் முதல் தவறு. பதிவு கிடைத்த மகிழ்ச்சியில் அன்று மாலையே ஆயாவிடம் போய் இத்தாலி என்று சொல்லிவிட்டேன். அவர் நினைவில் இருந்ததை முழுக்கப் பதிவு செய்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அதற்குள் பேரப்பிள்ளைகள் செல்போனில் இத்தாலியின் பனிமலை, கடற்கரை எல்லாம் காட்டிவிட்டார்கள். ‘அண்ணன் பனி பெய்யுதுன்னு காயிதம் போட்டான்’ என்று ஆயா சொன்னபோது அது 1944-இல் கேட்டதா, போன வாரம் பார்த்ததா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை எங்கேயும் பயன்படுத்தவில்லை.

நம்பிப் பயன்படுத்தியவை இவை. அண்ணன் ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூருக்குப் போனான். ஊர் எல்லையில் இருந்த புளியமரம்வரை அம்மா கூடப் போனாள். சண்டைக்குப் போக வேண்டும் என்று போகவில்லை. ‘சோத்துக்குப் போனான். இங்க கேழ்வரகு மூணு வருஷம் காஞ்சி போச்சி.’ செய்தி வந்த நாளில் தபால்காரர் கொண்டுவந்த காகிதத்தை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டு மணியக்காரர் வீட்டுக்கு ஓடினாள். மணியக்காரர் இங்கிலீசு படித்தவர் இல்லை. கடல் தாண்டி என்ற அளவில் புரிந்துகொண்டு ‘ரங்கூன்ல’ என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் கடல் தாண்டிப் போனவன் என்றால் ரங்கூன், இல்லாவிட்டால் கொழும்பு, பினாங்கு. இத்தாலி என்ற சொல்லுக்கு அந்த ஊரில் அன்றைக்கு இடமே இல்லை. தெரிந்த ஊருக்குள் துக்கத்தை வைத்துவிட்டார்கள். அதை நான் பிழை என்று எழுதத் தயங்குகிறேன்.

அம்மாவுக்கு மாதாமாதம் சிறு தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் வாங்கிக்கொண்டு ‘பையன் அனுப்பறான்’ என்று சொல்லுவாளாம். செத்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டு வந்திருக்கிறார்கள். அதுகூட அம்மா இறந்த பிறகுதான். அவள் இருந்தவரை போட விடவில்லை.

‘இரண்டு ஐ.ஓ.ஆர்.’

எப்படி இறந்தார் என்பது கல்லறைப் பதிவில் இல்லை. குண்டு பட்டா, நோயிலா, லாரி கவிழ்ந்தா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் இறந்த எல்லாரையும் ‘வீரமரணம்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது நம் வழக்கம். எழுதுமுன் தெரிந்துகொள்ள முயல்வது என்று முடிவு செய்தோம்.

ஒவ்வொரு படைப்பிரிவும் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் லண்டனில், கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே மேற்படிப்பு படிக்கிறாள். 2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போய், அந்தக் கம்பெனியின் 1944 மே மாதப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். வாசிப்பு அட்டை வாங்கிக்கொண்டால் நம் கேமராவில் படமெடுக்கக் கட்டணம் இல்லை.

கம்பெனி இருந்தது நான்காம் இந்திய டிவிஷனில். 1944 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கசினோ மலைச் சண்டையில் நொந்து போன டிவிஷன் அது. ஏப்ரலில் அதை ஏட்ரியாடிக் பக்கத்துக்கு மாற்றினார்கள். பெரிய தாக்குதல் நடக்காத, ‘அமைதியான’ முனை. அமைதியான முனையில் சாப்பர்களுக்கு வேலை குறைவதில்லை. பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. ஜெர்மானியர் அப்போது மரப்பெட்டியில் செய்த சிறு கண்ணிகளை நிறையப் புதைத்தார்கள். அவற்றில் இரும்பு மிகக் குறைவு என்பதால் கண்டறியும் கருவி ஒலிக்காது. துப்பாக்கி முனைக் கத்தியைச் சாய்வாகப் பிடித்து, குப்புறப் படுத்து, மண்ணைக் குத்திக் குத்தித்தான் தேட வேண்டும்.

அந்த நாளின் பதிவு மூன்று வரி. ஒரு பாதையில் கண்ணிவெடி அகற்றும் வேலை, வெடிப்பு, ‘இரண்டு ஐ.ஓ.ஆர். பலி’. ஐ.ஓ.ஆர். என்றால் இந்தியச் சிப்பாய்களைக் குறிக்கும் அலுவலகச் சுருக்கம். அதே பக்கத்தில், காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போன ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயர் முதலெழுத்துகளோடு முழுதாக இருந்தது.

அப்படியானால் அந்த இரண்டில் ஒருவர் நம்மவர் என்று எப்படிச் சொல்வது? ஆணையத்தின் பட்டியலில் அதே நாள், அதே கம்பெனி என்று தேடினோம். சரியாக இரண்டே பெயர்கள். ஒருவர் இந்த ஊர்க்காரர், மற்றவர் மலபார் மாவட்டத்துக்காரர். நாட்குறிப்பில் எண்ணிக்கை இருந்தது, பட்டியலில் பெயர் இருந்தது, இரண்டையும் சேர்த்ததும் கணக்கு நேரானது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் வேறு உயிரிழப்பு எதுவும் குறிக்கப்படவில்லை. கண்ணிவெடியில் இறந்தார் என்று கல்லில் எழுத இது போதும் என்று முடிவெடுத்தேன். நீதிமன்றத்துக்குப் போதுமா என்று கேட்டால் தெரியாது. ஊருக்குப் போதும்.

ஒரு பிழைச் செய்தி

2024 பிப்ரவரியில் பள்ளியில் ஒரு சிறு கூட்டம் வைத்தோம். சாப்பர் என்றால் யார் என்று பிள்ளைகளுக்கு விளக்க, காஞ்சிபுரம் பக்கத்து ஊரிலிருந்து போன சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொன்னேன். மதராஸ் சாப்பர்களைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி வயலில், வெடிக்கப் போகும் கண்ணிமேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றவர்.

இரண்டு நாள் கழித்து உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது. நம் சாப்பர் ‘விக்டோரியா கிராஸ் வென்ற மாவீரர்’ ஆகியிருந்தார். கண்ணிமேல் பாய்ந்ததும் அவரே. இரண்டு பேரின் கதை ஒன்றாகிவிட்டது. பதக்கத்தின் பெயரும் மாறிவிட்டது. செய்தியாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரே மேடையில் இரண்டு சாப்பர், இரண்டு கண்ணிவெடி, ஒரே நாடு. எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னது என் தவறு. மறுப்பு ஒரு ஓரத்தில் நாலு வரியாக வந்தது. ஆனால் அந்தச் செய்தியின் படம் வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. ஒரு அரசியல் பிரமுகர் வெண்கலச் சிலைக்குப் பணம் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

சிலையா, கல்லா

சிலை வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணங்கள் மூன்று. புகைப்படம் இல்லை. சிற்பி ஒரு முகத்தைக் கற்பனையில் செய்வார், பத்து வருடத்தில் அதுவே அவர் முகம் என்று ஆகிவிடும். இரண்டாவது, பொது இடத்தில் சிலை வைக்க அரசு அனுமதி வேண்டும். சாலைகளில் சிலைக்கு அனுமதி தரக் கூடாதென்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மூன்றாவதை யாரும் கூட்டத்தில் வாய் விட்டுச் சொல்லவில்லை. கூட்ரோட்டில் ஒரு சிலை எழுந்தால் யாருடைய சிலை என்பதற்கு முன்னால் எந்தத் தெருவின் சிலை என்று கேட்கும் ஊர் அது. இருபத்தொரு வயதுப் பையனைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்த வேண்டிவரும்.

பேரனுக்கு இதில் வருத்தம் இருந்தது. ‘அப்ப ஒண்ணுமே வேணாமா சார்?’ என்றார்.

பதில் ஊரிலேயே நின்றுகொண்டிருந்தது. ஏரிக்கரையில் மூன்று பழைய கற்கள் இருக்கின்றன. ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், ஆடு வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். மூன்றும் நடுகற்கள். செங்கம், தருமபுரிப் பக்கம் பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் ஏராளம். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார், எந்தப் பூசலில் இறந்தான் என்பது வரை மூன்று நான்கு வரிக்குள் முடிந்துவிடும். இறந்தான் என்று எழுத மாட்டார்கள், ‘பட்டான்’ என்பார்கள். தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் விழுந்தான். முகம் யாருடையதாகவும் இருக்கலாம், எழுத்துதான் ஆளைச் சொல்லும்.

கல் நடுவது என்றானதும் ஆயா உடனே ஒத்துக்கொண்டார். வேடியப்பன் பக்கத்திலேயே நட வேண்டும் என்றார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. பழைய கற்களின் சுற்றுப்புறத்தைத் தோண்டக் கூடாது, நாளைக்கு வருகிறவர் எது பழையது எது புதியது என்று குழம்பவும் கூடாது. குடும்பத்தின் சொந்தப் பட்டா நிலத்தில், கிணற்று மேட்டில் இடம் பார்த்தோம்.

என்ன எழுதுவது

அதிகம் சச்சரவு வந்தது இதில்தான். பேரன் எழுதிவந்த வரைவில் ‘தாய்நாட்டின் மானம் காக்க’ என்று இருந்தது. அவருடைய நண்பர் ஒருவர் எதிர்ப்பக்கம் பேசினார்: ‘வெள்ளக்காரன் சண்டையில அவனுக்காகச் செத்தவருக்குக் கல்லு எதுக்கு?’ இருவரும் நேர்மையாகத்தான் பேசினார்கள். ஆயா இரண்டையும் கேட்டுவிட்டுக் கேழ்வரகுக் கதையைத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு ‘தாய்நாடு’ம் போனது, ‘வெள்ளைக்காரனுக்காக’வும் போனது.

கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொல்கிறவர். அந்தக் கணக்கு எங்களுக்கு நல்ல எடிட்டராக அமைந்தது. பெயரடைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் நின்றது இது (பெயர்களையும் நாளையும் மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்):

‘இவ்வூர் இன்னார் மகன் இன்னார், மதராஸ் சாப்பர், 1944 மே மாதம் இன்ன நாள் இத்தாலி நாட்டில் கண்ணிவெடி எடுக்கையில் பட்டான். ஏட்டின்படி வயது 21. தங்கை வைத்த கல்.’

‘ஏட்டின்படி’ என்ற சொல்லைக் கல்லில் வெட்டுவது விசித்திரமாக இருக்கிறதென்று பலர் சொன்னார்கள். பட்டாளத்தில் சேர வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் அதிகம். ‘அண்ணன் எனக்குப் பத்து வயசு பெரியவன்’ என்பது ஆயாவின் கணக்கு. ஆயாவின் வயதே உறுதியில்லை. விட்டுவிடலாம் என்றேன், ஆயா வயது இருக்க வேண்டும் என்றார். அதனால் அந்தச் சொல் வந்தது.

பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதற்கு 1938-ஆம் ஆண்டு நிலப் பத்திரம் ஒன்று உதவியது. அதில் தகப்பன் பெயர் தமிழில், ழகரத்தோடு தெளிவாக இருந்தது. ஆங்கிலப் பதிவிலிருந்து திருப்பி எழுதியிருந்தால் தவறியிருப்போம். தச்சர் அப்படியும் முதலில் ளகரம் வரைந்தார். சாக்பீஸில் வரைந்த நிலையில் பார்த்ததால் தப்பித்தோம்.

மலபார்க்காரரின் பெயரையும் அதே கல்லில் வெட்ட வேண்டும் என்பது என் விருப்பம். ஒரே வெடியில் போனவர்கள். ஆனால் அவர் குடும்பம் எங்கே இருக்கிறது, இன்னொரு ஊரில் தன் வீட்டுப் பிள்ளையின் பெயர் நடுகல்லில் இருப்பதை அது விரும்புமா என்று தெரியாது. கேட்காமல் வெட்டுவதில்லை என்று முடிவானது. கீழே ஒரு வரி அளவுக்கு இடம் விட்டோம்.

பிடிமண்

ஆயா கேட்டது ஒன்றே ஒன்று. அங்கிருந்து ஒரு பிடிமண். தாய்க் கோயிலில் பிடிமண் எடுத்து வந்துதான் புதுக் கோயில் எழுப்புவது நம் வழக்கம் என்பதால் அவர் கேட்டதில் வியப்பில்லை. இத்தாலியில் வேலை செய்யும் ஒரு செவிலியர் சாங்ரோ தோட்டத்துக்குப் போய்ப் பெயரைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மண்ணும் எடுத்து வருகிறேன் என்றார். பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டத்தைக் கிளறுவது முறையில்லை. தவிர, வெளிநாட்டு மண்ணை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவரத் தொற்றுத் தடுப்பு விதிகள் இடம் தருவதில்லை. பெட்டியில் மறைத்துக் கொண்டுவரச் சொல்லும் யோசனைகள் வந்தன. மறுத்துவிட்டேன்.

இரண்டு நாள் பேசாமல் இருந்த ஆயா மூன்றாம் நாள் தானே சொன்னார்: ‘அவன் செத்த எடத்து மண்ணு எதுக்கு? அவன் போன எடத்து மண்ணு போதும்.’ ஊர் எல்லைப் புளியமரம் இப்போது இல்லை. சாலை அகலப்படுத்தியபோது போய்விட்டது. மரம் இருந்த இடத்தை ஆயாதான் காட்டினார். பேரன் ஒரு பிடி மண்ணை எடுத்து முடிந்துகொண்டார்.

கல் நட்ட நாள்

2024 மே. நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதிமுறைகள் ஜூன் தொடக்கம்வரை நடப்பில் இருந்தன. எங்கள் பக்கம் ஏப்ரலிலேயே வாக்களித்து முடித்திருந்தாலும் மேடை, பேனர், பிரமுகர் எதற்கும் யாரும் துணியவில்லை. விதிமுறைக்கு நான் நன்றி சொன்ன ஒரே தடவை அது. முப்பது பேர் இருப்போம். ஓய்வுபெற்ற சாப்பர் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தார். மதராஸ் சாப்பர்களைப் படையில் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்கள். அவர் கல்லுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, ‘தம்பி, ஊர் வந்து சேந்துட்ட’ என்றார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை.

குழியில் புளியமரத்து மண்ணைப் போட்டு, கல்லை இறக்கி, தண்ணீர் ஊற்றினோம். மலபார்க்காரரின் பெயரை, அவர் தகப்பன் பெயரை, ஊரை நான் ஒருமுறை உரக்கப் படித்தேன்.

ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ‘இதுல எது அவன் பேரு?’ என்றார். பேத்தி அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் ஆயா விரலை எடுக்காமல் திரும்ப முதல் எழுத்துக்குத் தானே கொண்டுபோனார். வழி தெரிந்துகொண்டவரைப் போல இரண்டாம் முறை தனியாகப் போய்வந்தார்.

பிறகு

நாள் தெரிந்துவிட்டதே, இனி மே மாதத்தில் திதி பார்த்துப் படைக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். ஆயா மறுத்துவிட்டார். ‘இத்தன வருஷமா ஆடி அமாவாசைக்கு வந்து பழகிட்டான். இப்ப நாள மாத்துனா அவனுக்கு எப்பிடித் தெரியும்?’ 2024 ஆடியில் வழக்கம்போல் படையல், ஆனால் இம்முறை கிணற்று மேட்டில்.

தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் எழுத்துகளைத் திருத்தக் கோரிக் கல்லறை ஆணையத்துக்கு எழுதினோம். அக்கால ஆவணம் கேட்டார்கள். நிலப் பத்திரத்தின் நகலும் மொழிபெயர்ப்பும், நட்சத்திரத்தின் இருபக்கப் படமும் அனுப்பியிருக்கிறோம். பரிசீலனையில் இருக்கிறது.

நட்சத்திரம் இப்போது அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. பழைய மஞ்சள் துணியையும் ஆயா அதற்குள்ளேயே வைத்துவிட்டார்.

கல் நட்ட செய்தி கேட்டு 2025 தொடக்கத்துக்குள் மேலும் இரண்டு குடும்பங்கள் வந்தன. ஒன்று, பெயர் தவிர ஒன்றுமில்லாதது. இன்னொன்றில் பதக்கத்தைப் பாத்திரக் கடையில் போட்டு ஒரு குடம் வாங்கியிருந்தார்கள்.

மறுபடி செய்தால்

முதலில் பெரியவர்களின் நினைவை முழுக்கப் பதிவு செய்வேன். அதற்குமுன் ஏட்டில் கண்ட எதையும் அவர்களிடம் சொல்ல மாட்டேன். பனி பெய்த காகிதம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அவசரத்தால் அதைக் கெடுத்துவிட்டேன்.

பத்திரிகைக்கு வாயால் எதுவும் சொல்ல மாட்டேன். அரைப் பக்கத் தாள், அதில் உறுதியானது மட்டும், கீழே ‘இவர் வீர விருது எதுவும் பெற்றதாகத் தெரியவில்லை, இத்தாலிப் போர்முனையில் பணியாற்றிய எல்லாருக்கும் வழங்கிய நட்சத்திரம் இது’ என்று ஒரு வரி.

ரங்கூன் பதிவிலிருந்த அந்த வேறு மனிதரைப் பேரன் ஒரு வருடம் தன் தாத்தாவாக நினைத்து, படத்தை வீட்டு வாசலில் ஒட்டிவைத்திருந்தார். கிழித்து எறியுமுன் அவருடைய ஊர் எது என்று குறித்து வைத்திருக்கலாம். அவருக்கும் ஒரு தங்கை இருந்திருப்பாள் என்று எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

மலபார்க்காரரின் தேடலைக் கல்லுக்குப் பிறகு தொடங்கினோம். முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அவர் ஊரென்று பதிவிலுள்ள ஆங்கில எழுத்துக்கு இன்றைய கேரளத்தில் மூன்று ஊர்கள் பொருந்துகின்றன. மூன்று ஊராட்சிகளுக்கும் மலையாளத்தில் கடிதம் போட்டிருக்கிறோம். ஒன்றிலிருந்து பதில் வந்தது, அந்தப் பெயரில் வீடு இல்லை என்று. மற்ற இரண்டுக்கும் நினைவூட்டல் அனுப்பியாயிற்று. கல்லின் கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் அகலம் வெறுமையாக இருக்கிறது.